படம் எப்போது உடைகிறது?

பண்ருட்டியில் ஐப்பசி மழை பிடித்தால் சில வீடுகளில் கேபிள் டி.வி. படம் கட்டம் கட்டமாக உடையும். பேச்சு வெட்டி வெட்டிக் கேட்கும். கேபிள்காரர் வருவதற்குள் வெயில் அடித்துவிடும், படமும் தெளிந்துவிடும். அவர் பாக்ஸை மாற்றிவிட்டுப் போவார். அடுத்த மழைக்குப் புது பாக்ஸிலும் அதே தொல்லை. வந்து வந்து போகும் பழுதைப் பிடிக்க, அது வரும் நேரத்தைக் கவனிப்பதுதான் முதல் வேலை.

மழையோடு வந்தால் மொட்டை மாடி ஜாயின்ட்டைச் சந்தேகியுங்கள். கேபிள் ஒயரின் நடுவே ஒரு கம்பி, சுற்றிலும் உலோகப் பின்னல். கனெக்டர் இறுகாமல் இருந்தாலோ, டேப் சுற்றி ஒட்டுப் போட்டிருந்தாலோ தண்ணீர் உள்ளே இறங்கிப் பின்னலை அரிக்கும். கடலூர் கரையோரத்தில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். 2017 செப்டம்பரில் அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியபின் அந்த முன்னறிவிப்பு போய்விட்டது. டிஜிட்டல் பாக்ஸ் ஓரளவு பிழையைத் தானே திருத்திக்கொண்டு முழுப் படம் காட்டும்; அளவு மீறியதும் சட்டென்று உடையும். விளிம்பில் நிற்கும் சிக்னலுக்கு ஒரு தூறலே போதும். பல அறைகளுக்கு ஸ்பிளிட்டர் போட்ட வீடுகள் இந்த விளிம்புக்கு எளிதில் வந்துவிடும்: இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு டி.வி.க்கும் பாதிக்கும் குறைவு, நான்காகப் பிரித்தால் காலுக்கும் குறைவு. தேவையில்லாத ஸ்பிளிட்டரை முதலில் கழற்றச் சொல்லுங்கள்.

காற்றடித்தால் மட்டும் உடைகிறதா? பலாக் கிளையோ முந்திரிக் கிளையோ ஒயரில் உரசுகிறதா பாருங்கள். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடியும் கரண்ட் போனதும் சிக்னல் போனால், தெருவிலுள்ள ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் இல்லை. பாக்ஸ் தானாக அணைந்து எரிந்தால் அடாப்டரைச் சோதிக்க வேண்டும்.

மென்பொருள் கோளாறு வேறு முகம் காட்டும். படம் உடையாது, சந்தா கட்டிய சேனலிலேயே ‘சந்தா இல்லை’ என்று எழுத்து வரும். அனுமதித் தகவல் அதே ஒயர் வழியாகத்தான் பாக்ஸுக்கு வருகிறது. பல நாள் அணைத்து வைத்திருந்தால் சிறிது நேரம் போட்டு வைத்தாலே சரியாகலாம். 2022 நவம்பரில் அரசு கேபிள் பல மாவட்டங்களில் ஒரே நேரத்தில் முடங்கியதும் மென்பொருளால்தான். அன்று வீட்டு ஒயரைக் குடைந்து பயனில்லை.

சில சேனல் மட்டும் சேர்ந்து உடைந்தால் அவற்றின் எண்களைக் குறியுங்கள். ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் கூட்டாக வருகின்றன. தேதி, நேரம், மழையா வெயிலா, எந்தச் சேனல் என்று ஒரு வாரம் எழுதிக் கேபிள்காரரிடம் கொடுங்கள். பழுது இருக்கும் நேரத்திலேயே வந்து மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கம்பத்தில் மட்டும் நீங்கள் ஏறாதீர்கள்.