'டேக்' என்னும் ஆங்கில வினையும் 'எடு' என்னும் தமிழ் வினையும்

ஆங்கிலத்தில் அன்றாடம் மிகுதியாக வழங்கும் வினைச்சொற்களுள் 'டேக்' என்பதும் ஒன்று. அதற்கு நேரான தமிழ்ச்சொல் 'எடு' என மாணவர் பலர் கருதுகின்றனர். இவ்விரண்டின் பொருட்பரப்பும் ஒன்றன்று என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'டேக்' ஆங்கிலத்தின் பூர்விகச் சொல் அன்று. பழைய நார்ஸ் மொழியின் 'டாக்கா' என்னும் வினை, பழைய ஆங்கிலக் காலத்தின் இறுதியில் அம்மொழியுள் புகுந்தது. அதுவரை அப்பொருளில் வழங்கிய 'நிமன்' மெல்ல வழக்கிழந்தது. மரத்துப்போன நிலையைக் குறிக்கும் 'நம்' என்ற இன்றைய ஆங்கிலச் சொல் அதன் எச்சமாகும். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச்சொல்லான 'நேமன்' இன்றும் வாழ்கிறது. புதிதாக வந்த சொல்லோ பெறுதல், ஏற்றல், உட்கொள்ளுதல், கொண்டுசெல்லுதல், காலம் செலவாதல் எனப் பலவாறு கிளைத்தது. குளியல், நடை போன்றவற்றைக் குறிக்கும் பெயர்களோடு சேருங்கால், தன் பொருள் தேய்ந்து துணையாக மட்டுமே நிற்கிறது.

இவ்விடங்களில் தமிழ் வெவ்வேறு வினைகளை ஆளும். மருந்தை உண்கிறோம், பேருந்தில் செல்கிறோம், தேர்வை எழுதுகிறோம், இருக்கையில் அமர்கிறோம், பயணத்திற்கு இரண்டு மணி நேரம் ஆகிறது அல்லது பிடிக்கிறது. மலாய் மொழியும் மருந்துக்கு உண்ணுதலைக் குறிக்கும் 'மாக்கான்' என்ற வினையையே ஆள்வது ஒப்புநோக்கத்தக்கது.

'எடு' என்பதும் வளமான சொல்லே. தூக்குதல் என்னும் அடிப்படைப் பொருளிலிருந்து அது தனிவழியில் வளர்ந்தது. பசி எடுக்கிறது, பாம்பு படம் எடுக்கிறது, ஊரார் விழா எடுக்கின்றனர். இவற்றுள் எதனையும் 'டேக்' கொண்டு பெயர்த்தல் இயலாது.

விடுப்பு எடுத்தல், முடிவு எடுத்தல் போன்ற தொடர்கள் இன்று வேரூன்றிவிட்டன. அவற்றை விலக்க வேண்டுவதில்லை. பொருள் திரியும் இடத்திலேயே கவனம் தேவை. தற்கொலையைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'உயிரை எடுத்தான்' என எழுதினால், பிறரை ஓயாது தொல்லைப்படுத்தினான் என்றே தமிழர் கொள்வர். 'மருந்து எடுத்தீர்களா?' என்று கேட்டால், மருந்தகத்தில் அதனைப் பெற்றுவந்த முதியவர், உண்ணாமலே 'ஆம்' எனக் கூறவும் கூடும். 'மருந்து சாப்பிட்டீர்களா?' என்பதில் அவ்வையம் எழாது.

ஆகவே, மொழிபெயர்ப்போர் 'டேக்' என்பதைக் காணுந்தோறும் அதற்கீடான சொல்லைத் தேடுவதினும், அங்கு நிகழும் செயல் யாது என வினவுதலே தக்கது. அச்செயலுக்குரிய வினை பெரும்பாலும் நம் வழக்கில் முன்பே உள்ளது.