வேலையை விட்டுட்டு டைரக்டர் ஆகலாமா? கோடம்பாக்கம் போடும் கணக்கு!

'பேப்பர் போட்டுட்டு சினிமாவுக்குப் போயிடலாமா?' - ஐ.டி. கம்பெனி கேன்டீன்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வங்கியில் வேலை பார்த்த லோகேஷ் கனகராஜ், சாஃப்ட்வேர் இன்ஜினீயரான கார்த்திக் சுப்பராஜ் என உதாரணங்களும் ரெடியாக இருக்கும். இருவருமே பெரிய இயக்குநர்களிடம் உதவியாளராக இருந்து வந்தவர்கள் இல்லை. ஆனால், பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இவர்கள் குறும்படம் எடுக்கத் தொடங்கியது, மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்த நாட்களில்தான்.

இந்த ரூட் வருவதற்கு முன்பு இருந்தது ஒரே பெரிய வாசல்: உதவி இயக்குநர் வேலை. பாரதிராஜாவிடம் பாக்யராஜ், பாக்யராஜிடம் பார்த்திபன், பாலு மகேந்திராவிடம் பாலா, வெற்றிமாறன், ராம் என்று அது ஒரு குடும்ப மரம் மாதிரியே நீளும். இன்றும் அந்த மரம் பட்டுப்போகவில்லை.

அங்கே என்ன வேலை? கிளாப் அடிப்பதில் தொடங்கும். முந்தைய ஷாட்டில் ஹீரோ சட்டைக் கையை மடித்திருந்தாரா, டம்ளரில் காபி எவ்வளவு மிச்சம் இருந்தது என்று கன்டினியூட்டி பார்க்க வேண்டும். நடிகர்களுக்கு வசனம் சொல்லித் தர வேண்டும். டப்பிங் தியேட்டரில் நாள் முழுக்க உட்கார வேண்டும். ஐம்பது பேர் சத்தம் போடும் இடத்தில் ஒரு காட்சி எப்படி உருவாகிறது என்பதை எந்த யூடியூப் சேனலும் இந்த அளவுக்குக் கற்றுத் தராது.

சிக்கல், காலம்தான். ராமின் 'கற்றது தமிழ்' வெளியானது 2007-ல். அதில் பணியாற்றிய மாரி செல்வராஜின் முதல் படமான 'பரியேறும் பெருமாள்' வந்தது 2018-ல். ஷூட்டிங் நாட்களில் சாப்பாடும் பேட்டாவும் உண்டு. ஷூட்டிங் இல்லாத மாதங்களில் வாடகைக்கு என்ன வழி? சென்னையில் சொந்த வீடு இருப்பவரின் காத்திருப்பும், ஊரிலிருந்து வந்து மேன்ஷனில் தங்கியிருப்பவரின் காத்திருப்பும் ஒன்றில்லை. திறமையைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

படித்துவிட்டு வரலாமா? வரலாம். சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. 1986-ல் 'ஊமை விழிகள்' எடுத்தது திரைப்படக் கல்லூரி மாணவர்கள்தான். புனேயிலும் கொல்கத்தாவிலும் மத்திய அரசின் நிறுவனங்கள் உள்ளன. பட்டம் மட்டும் பட வாய்ப்பைத் தந்துவிடாது. ஆனால், கேமரா, எடிட்டிங் படிக்கும் நண்பர்கள் அங்கேதான் கிடைப்பார்கள்.

குறும்பட வாசலைத் திறந்துவிட்டது கலைஞர் டி.வி.யின் 'நாளைய இயக்குநர்'. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லாம் அங்கிருந்து வந்தவர்களே. பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' முதலில் குறும்படம், 2012-ல் முழுப்படம். பிரதீப் ரங்கநாதன் தன் 'அப்பா லாக்' குறும்படத்தைத்தான் 2022-ல் 'லவ் டுடே' ஆக்கினார். தயாரிப்பாளரிடம் இரண்டு மணி நேரம் கதை சொல்வதைவிட, பத்து நிமிஷம் போட்டுக் காட்டுவது ஈஸி.

அதற்குப் பிறகு கேட்பது 'பவுண்டட் ஸ்கிரிப்ட்', அதாவது வசனத்தோடு முழுதாக எழுதி முடித்த திரைக்கதை. இதை வேலையை விடாமலேயே எழுதலாம். யாரிடமும் கதை சொல்லப் போகும் முன் தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்துவிடுவது நல்லது. 'ஒன்லைன்' மட்டும் வைத்திருந்தால் போதாது. காப்புரிமைச் சட்டம் பாதுகாப்பது எழுதப்பட்ட வடிவத்தை, வெறும் ஐடியாவை இல்லை. 2018-ல் 'சர்கார்' கதை விவகாரம் நீதிமன்றம் வரை போனபோது, புகார் சொன்ன உதவி இயக்குநரின் கையில் இருந்த முக்கிய ஆதாரம், 2007-ல் அந்தச் சங்கத்தில் பதிவு செய்திருந்த 'செங்கோல்' என்ற கதை. விவகாரம் சமரசத்தில் முடிந்தது.