திறக்காத தட்டு, தொலையாத படங்கள்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினார்கள். காணி உறுதிகளும் குடும்பப் படங்களும் பல வீடுகளில் அப்படியே கிடந்து அழிந்தன.

அதன் பிறகு உறவினரிடம் மிஞ்சியிருந்த பழைய படங்களைத் தேடிப் பிடித்துக் கணினியில் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். ஒரு நாள் அந்தத் தட்டு திறக்க மறுக்கிறது. “ஃபோர்மட் செய்யவா?” என்று கணினி கேட்கிறது. சகோதரியே, “ஆம்” என்று அழுத்தி விடாதீர்கள்!

குசினியில் பேணிகளில் ஒட்டிய பெயர்த்தாள்கள் உரிந்து போனால் உள்ளே இருக்கும் மிளகாய்த்தூளும் மறைந்து விடுமா? தட்டின் கதையும் பெரும்பாலும் இதுதான். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை கெட்டுவிட்டது. உள்ளிருந்தவை அநேகமாக அங்கேயே இருக்கின்றன.

இங்கேதான் லினக்ஸ் உதவுகிறது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட இந்த மென்பொருளை இலவசமாகப் பெறலாம். தட்டின் ஒவ்வொரு பிரிவையும் அது ஒரு கோப்பாகவே காண்கிறது. ஆகவே, அட்டவணையைப் பாராமல் முதல் பைட்டிலிருந்து கடைசி வரை அப்படியே வாசிக்கலாம். ‘டீடீ’ என்ற கட்டளை செய்வது அதைத்தான். பழுதான தட்டுக்கு ‘டீடீரெஸ்கியூ’ நல்லது; அது நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும்.

பிரதியை வேறொரு பெரிய தட்டில் எடுங்கள். ‘எதிலிருந்து, எதற்குள்’ என்பதை இரண்டு முறை பாருங்கள். மாற்றி எழுதினால் உள்ளதும் அழியும்.

பிறகு பிரதியில் ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளை ஓட விடுங்கள். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 255, 216 என்ற இரு எண்களுடன் தொடங்கும். அவ்வகை அடையாளங்களைக் கொண்டே அது படங்களைப் பொறுக்கி எடுக்கும். கோப்பின் பெயர் திரும்ப வராது. உம்மாவின் முகம் திரும்பி வரலாம்.

எல்லாமே மீளும் என்றும் எண்ண வேண்டாம். மேலே புதிதாக எழுதப்பட்டது திரும்பாது. எஸ்எஸ்டி வகைத் தட்டில் அழித்தவை விரைவிலேயே இல்லாமற் போகலாம். தட்டு ‘டக் டக்’ என்று ஓசையிட்டால் உடனே நிறுத்தி, தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றே இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். ஒன்று மன்னாரில், மற்றொன்று புத்தளத்துச் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைத்து இழந்த வேதனையை நம்மைவிட அறிந்தவர் யார்?