கால் மணிக்கு 250 சொற்கள்

இங்கிலாந்தின் வால்தம் கிராஸ் ஊரில், விடிவதற்குள் ஒரு வயதான குதிரைக்காரர் தன் எஜமானரை எழுப்பிக் காபி கொடுப்பார். அதற்கென்றே அவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். ஐந்தரை மணிக்கு எஜமானர் எழுத்து மேசையில் உட்கார்ந்துவிடுவார். கடிகாரம் கண்ணெதிரே இருக்கும். முதல் அரை மணி, முந்தின நாள் எழுதியதைப் படிப்பது. அதன்பின் கால் மணிக்கு 250 சொற்கள். எட்டரைக்குப் பேனாவை வைத்துவிட்டு ஆபீஸ் வேலை.

அவர் நாவலாசிரியர் அந்தோணி டிரோலப். தபால் துறையில் முழுநேர அதிகாரி. ஜெர்சி தீவில் 1852இல் தெருவோரத் தபால் பெட்டி வந்தது அவருடைய யோசனையால்தான். இத்தனை வேலைக்கு நடுவே 47 நாவல்கள் எழுதினார்.

இவர் பிறவியிலேயே சுறுசுறுப்பானவர் என்று நினைத்துவிட வேண்டாம். சிறுவயது முதல் மனக்கோட்டை கட்டியவர். எழுத்தாளனாக வேண்டும் என்ற ஆசையை ஆண்டுக்கணக்கில் மனதிலேயே வைத்திருந்தவர். முதல் நாவலைத் தொடங்கியபோது வயது 28.

இப்படித் தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று திட்டுவது நம் வீடுகளில் வழக்கம். அது பாதி உண்மைகூட இல்லை. பியூஷியா சிரோயிஸ், டிமோதி பிச்சில் ஆகிய உளவியலாளர்கள் இதை உணர்ச்சி சம்பந்தப்பட்ட சிக்கலாகப் பார்க்கிறார்கள். வேலையை நினைத்ததும் பயமோ சலிப்போ வருகிறது. 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்றதும் மனம் லேசாகிறது. அந்த நேர நிம்மதிதான் நம்மை மறுபடி தள்ளிப்போட வைக்கிறது. திட்டினால் பயம் கூடுமே தவிர வேலை நகராது.

டிரோலப் செய்தது பயத்தைச் சின்னதாக்கியது. ஒரு நாவலை நினைத்தால் மலைப்பாக இருக்கும்; 250 சொற்களுக்கு யாரும் மலைக்க மாட்டார்கள். கூடவே ஒரு நோட்டும் வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் எத்தனை பக்கம் என்று அதில் குறிப்பார். வாரத்துக்குச் சராசரி 40 பக்கம். சில வாரம் 20, ஒரு வாரம் 112. எழுதாத நாளும் அதில் ஒளிவுமறைவின்றித் தெரியும். ரயிலில் போகும்போதும் விடவில்லை. மடியில் பலகை வைத்துப் பென்சிலால் எழுதினார். மனைவி அதைப் படியெடுத்தார்.

இப்படி ஒரு வேலை பழக்கமாக மாற எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று பலர் சொல்வதை நம்பி, 22ஆம் நாள் சோர்ந்து போனவர்கள் ஏராளம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம் சாப்பிடுவது போன்ற சின்னப் பழக்கங்கள்தான். ஆளுக்கு ஆள், 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கு வந்தது. நடுவில் நின்ற எண் 66. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவே ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை.

ஒரு நாள் நடைப்பயிற்சி தவறியதும் ஷூவைப் பரணில் போட்டுவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தேர்வுக்குப் படிக்கிறவரும் சரி, வருடக்கணக்கில் தையல் கற்க நினைத்திருப்பவரும் சரி, ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து இன்றைய தேதியை எழுதுங்கள். பக்கத்தில், கால் மணி நேரத்தில் செய்து முடித்தது எவ்வளவு என்று குறியுங்கள்.