வாக்கும் வழக்கும் – 9: தேனிக்கு வந்த ஐம்பது இயந்திரங்கள்

சென்ற இதழில் வாஷிங்டனில் நிறுத்தியிருந்தேன். 2020 நவம்பரில் தோற்ற அதிபர் டிரம்ப் தோல்வியை ஒப்புக்கொள்ள மறுத்ததையும், 2021 ஜனவரி 6 அன்று அவருடைய ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்ததையும், சுமார் 140 போலீசார் காயமடைந்ததையும் பார்த்தோம். தேர்தல் முடிவின் மீது சந்தேகம் கிளம்பினால் ஒரு சமூகம் என்ன செய்கிறது? எங்கே போய் நியாயம் கேட்கிறது? கேட்டால் எப்போது கிடைக்கிறது? இந்தத் தொடர் முழுக்க நாம் தேடிக்கொண்டிருப்பது இவற்றுக்கான விடையைத்தான். இந்த வாரம் அதற்காகத் தேனிக்குப் போவோம்.

2019 மே 7, செவ்வாய்க்கிழமை. தேனி மக்களவைத் தொகுதியில் வாக்குப்பதிவு ஏப்ரல் 18-லேயே முடிந்துவிட்டது. எண்ணிக்கை மே 23. இடையில் 35 நாள். வாக்குப் பதிவான இயந்திரங்கள் சீல் வைக்கப்பட்டுக் காவலில் இருக்கின்றன. அந்த நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஐம்பது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்கள் தேனி தாலுகா அலுவலகத்தில் வந்து இறங்கின. தகவல் பரவியது. திமுக, காங்கிரஸ், அமமுக கட்சிக்காரர்கள் அலுவலகத்தின் முன் திரண்டார்கள். வாக்குப்பதிவே முடிந்த பிறகு எதற்குப் புதுப் பெட்டி என்று கேட்டார்கள். மறுவாக்குப்பதிவு தேவைப்படலாம் என்பதால் முன்கூட்டியே கொண்டுவந்தோம் என்றது தேர்தல் துறை. மறுவாக்குப்பதிவு அறிவிப்பே வராதபோது இயந்திரம் மட்டும் முந்திக்கொண்டு வருவானேன் என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. நியாயமான கேள்விதான். கட்சிகளிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிட்டு அந்த வண்டியைக் கிளப்பியிருந்தால் அன்றைய கொந்தளிப்பு பாதி அடங்கியிருக்கும்.

பிறகு தமிழ்நாட்டில் 13 வாக்குச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவு அறிவிக்கப்பட்டது. அவற்றில் இரண்டு தேனி தொகுதியில்: பெரியகுளம் பக்கம் வடுகபட்டி, ஆண்டிபட்டி பக்கம் பாலசமுத்திரம். மே 19 அன்று அங்கே மக்கள் மறுபடி வரிசையில் நின்றார்கள்.

ஆனால் சந்தேகம் அந்த ஐம்பது இயந்திரங்களோடு தொடங்கியதும் அல்ல, முடிந்ததும் அல்ல. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 16 இரவு, ஆண்டிபட்டியில் அமமுக அலுவலகம் இருந்த கட்டடத்தில் வருமான வரித் துறையினரும் பறக்கும் படையினரும் சோதனைக்குப் போனார்கள். தகராறு முற்றி, போலீசார் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். விடிவதற்குள் 1.48 கோடி ரூபாய் கைப்பற்றப்பட்டது. 94 பொட்டலங்கள், மேலே வார்டு எண், வாக்காளர் எண்ணிக்கை, தலைக்கு 300 ரூபாய் என்ற கணக்கு. அதே ஏப்ரல் 16 அன்றுதான் பணப் பட்டுவாடா புகாரில் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானது. ஆண்டிபட்டியிலோ தேனியிலோ தேர்தல் நிற்கவில்லை.

அடுத்து குச்சனூர். வாக்கு எண்ணிக்கைக்குச் சில நாள் முன்பு, அங்கே உள்ள ஒரு கோயிலில் கல்வெட்டு திறக்கப்பட்டது. அதில் அதிமுக வேட்பாளர் ஓ.ப. ரவீந்திரநாத்தின் பெயருக்கு முன்னால் தேனி நாடாளுமன்ற உறுப்பினர் என்று பொறித்திருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த வரியை மறைத்தார்கள், வழக்கும் பதிவானது. கல்வெட்டை வைத்தவர் ஆர்வக்கோளாறில் செய்தாரா, வேறு எதுவுமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். பெட்டி வந்த ஊரில் இப்படி ஒரு கல்வெட்டும் வந்தால் சின்னமனூர் டீக்கடையில் என்ன பேசுவார்கள்? "எல்லாம் முன்னாடியே முடிவாயிருச்சுப்பா" என்றுதான் பேசுவார்கள்.

மே 23 வந்தது. தமிழ்நாடு முழுக்க திமுக அணி அள்ளியபோது, அதிமுக அணிக்குக் கிடைத்த ஒரே இடம் தேனி. அன்றைய துணை முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்தின் மகனான ரவீந்திரநாத், காங்கிரஸின் ஈ.வெ.கி.ச. இளங்கோவனை 76,000 வாக்குகளுக்கும் மேலான வித்தியாசத்தில் வென்றார். அமமுகவின் தங்க தமிழ்ச்செல்வன் மூன்றாம் இடம். மற்ற எல்லா இடத்திலும் தோற்று, பெட்டி வந்த ஊரில் மட்டும் ஜெயித்தால் சந்தேகம் தீராமல் என்ன செய்யும்?

ஆனால் அந்தத் தேர்தலில் இன்னொரு விஷயம் நடந்தது. அதே நாள், அதே சாவடிகளில், ஆண்டிபட்டிக்கும் பெரியகுளத்துக்கும் சட்டமன்ற இடைத்தேர்தலும் நடந்தது. 2017 செப்டம்பரில் சபாநாயகர் 18 எம்.எல்.ஏ.க்களைத் தகுதிநீக்கம் செய்ததால் காலியான இடங்களில் இந்த இரண்டும் அடக்கம். வாக்காளர் ஒரு இயந்திரத்தில் எம்.பி.க்கும் அடுத்த இயந்திரத்தில் எம்.எல்.ஏ.வுக்கும் பொத்தானை அழுத்தினார். இரண்டு சட்டமன்ற இடங்களிலும் திமுகவே வென்றது. எடப்பாடி பழனிசாமி ஆட்சி பிழைப்பதற்கு அப்போது வேண்டியிருந்தது மாநிலம் முழுக்க நடந்த அந்த 22 இடைத்தேர்தல்களில் போதுமான வெற்றி. டெல்லிக்கு ஒரு எம்.பி. அல்ல. இயந்திரத்தில் கைவைக்க முடிந்தவர்கள் ஆட்சியைக் காப்பாற்றும் பெட்டியை விட்டுவிட்டு, பக்கத்துப் பெட்டியையா மாற்றுவார்கள்? தேனியில் இயந்திரம் மாறியது என்ற பேச்சை நான் ஏற்காததற்கு முதல் காரணம் இதுதான். ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு நடந்த எண்ணிக்கை என்பது இரண்டாவது காரணம்.

தெருவில் எழுந்த சத்தமெல்லாம் இயந்திரத்தைச் சுற்றியே இருந்தது. தேனித் தேர்தலின் உண்மையான ஓட்டை ஒரு காகிதத்தில் இருந்தது.

அந்தக் காகிதத்தின் பெயர் பிரமாணப் பத்திரம், படிவம் 26. வேட்பாளர் தன் சொத்து, கடன், வருமானம், வழக்கு எல்லாவற்றையும் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். வாக்காளருக்கு இந்த உரிமை சும்மா கிடைத்துவிடவில்லை. 2002-லும் 2003-லும் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளால் வந்தது. ரவீந்திரநாத் தன் பத்திரத்தில் சொத்து விவரங்களை மறைத்துவிட்டார், அவருடைய வேட்புமனுவை ஏற்றதே தவறு என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் 2019-லேயே தேர்தல் வழக்கு தொடரப்பட்டது. தொடர்ந்தவர் தோற்ற வேட்பாளர் அல்ல. தொகுதியின் வாக்காளர் ஒருவர். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், முடிவு வந்த 45 நாளுக்குள் எந்த வாக்காளரும் வழக்குப் போடலாம் என்கிறது. வைப்புத்தொகை 2,000 ரூபாய். தாலுகா அலுவலகத்தின் முன்னால் கத்திய கட்சிக்காரர்கள் அடுத்த தேர்தலுக்குப் போய்விட்ட பிறகு, நான்கு ஆண்டு விடாமல் இதை நடத்தியது அந்த ஒரு வாக்காளர் என்பதை நான் மிகுந்த மரியாதையோடு எழுதுகிறேன்.

ஆம், நான்கு ஆண்டு. தேர்தல் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று அதே சட்டத்தின் 86-ஆம் பிரிவு சொல்கிறது. முயல வேண்டும், அவ்வளவுதான். முடித்தே ஆக வேண்டும் என்று இல்லை. இடையில் கொரோனா வந்து நீதிமன்றங்கள் முடங்கின. அதைக் கழித்துப் பார்த்தாலும் இந்தத் தாமதத்துக்குச் சமாதானம் சொல்ல முடியாது.

அந்த நான்கு ஆண்டில் தேனியின் பெயரால் மக்களவையில் என்னவெல்லாம் நடந்தது என்று பாருங்கள். 2019 ஜூலையில் முத்தலாக் மசோதாவை ரவீந்திரநாத் ஆதரித்துப் பேசினார். அவருடைய கட்சியே மாநிலங்களவையில் அதை எதிர்த்தது. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய வாழும் தொகுதி இது. 2019 ஆகஸ்டில் அணைப் பாதுகாப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது; 2021 டிசம்பரில் சட்டமானது. முல்லைப் பெரியாறு தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்குக்கு அதைவிட முக்கியமான சட்டம் எது? 2010-ன் கடைசி நாளோடு நின்றுபோன போடி ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூன் 15 அன்றுதான் மறுபடி ஓடியது. இந்த விவகாரங்களில் எல்லாம் தொகுதிக்காகப் பேசும் நாற்காலியில் இருப்பவர் செல்லும்படியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்தானா என்ற கேள்விக்கு விடை இல்லாமலே நாடாளுமன்றம் நடந்துகொண்டிருந்தது.

போடிக்கு ரயில் வந்து மூன்று வாரத்தில், 2023 ஜூலை 6 அன்று, நீதிபதி எஸ்.எஸ். சுந்தர் தீர்ப்பளித்தார். தேனித் தேர்தல் செல்லாது. பிரமாணப் பத்திரத்தில் சொத்து விவரம் மறைக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டை அவர் ஏற்றுக்கொண்டார். மேல்முறையீட்டுக்காகத் தன் தீர்ப்பையே முப்பது நாள் நிறுத்தியும் வைத்தார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. ரவீந்திரநாத் மக்களவை உறுப்பினராகத் தொடர்ந்தார். 2022 ஜூலையில் தந்தையைத் தொடர்ந்து அவரையும் அதிமுக நீக்கிவிட்டிருந்ததால், எந்தக் கட்சியின் பெயரில் ஜெயித்தாரோ அந்தக் கட்சிக்கே அவர் உறுப்பினர் இல்லை. பதவிக்காலம் முடிந்தது. 2024-ல் பொதுத்தேர்தல் வந்துவிட்டது.

இங்கே உச்ச நீதிமன்றத்தின் தடையை நான் குறை சொல்லவில்லை. மேல்முறையீடு வேட்பாளரின் உரிமை. இறுதி விசாரணைக்கு முன் பதவியைப் பறித்துவிட்டுப் பிறகு திருப்பித் தரவும் முடியாது. குறை, வழக்கு அந்தக் கட்டத்தை எட்டவே நான்கு ஆண்டு பிடித்ததில் இருக்கிறது.

தேனி மட்டும் இப்படி இல்லை. 2016-ல் ராதாபுரத்தில் திமுகவின் மு. அப்பாவு 49 வாக்கில் தோற்றார். தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019 அக்டோபரில். எண்ணி முடித்தார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-ல் அந்தச் சட்டமன்றமே முடிந்துபோனது. இன்னும் பின்னால் போனால் ரேபரேலி. 1971-ல் ஜெயித்த இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா சொன்னது 1975 ஜூன் 12. அங்கேயும் நான்கு ஆண்டு. பதின்மூன்றாம் நாள் நாட்டில் நெருக்கடி நிலை.

அமெரிக்காவில் எப்படி? டிரம்ப் தரப்பு 60-க்கும் மேற்பட்ட வழக்குகள் போட்டது. பெரும்பாலானவை சில வாரங்களிலேயே தள்ளுபடியாயின. ஜார்ஜியாவில் வாக்குச் சீட்டுகளைக் கையால் மறுபடி எண்ணினார்கள், பைடன்தான் ஜெயித்திருந்தார். யார் வென்றது என்ற கேள்விக்கு அங்கே மின்னல் வேகத்தில் விடை கிடைத்தது. நாம் கற்க வேண்டிய வேகம் அது. ஆனால் பொறுப்பேற்க வைக்கும் வேலை அங்கேயும் காலத்திடம் தோற்றது. தேர்தல் முடிவை மாற்ற முயன்றதாக டிரம்ப் மீது மத்தியக் குற்றப்பத்திரிகை வந்த நாள் 2023 ஆகஸ்ட் 1. தேனித் தீர்ப்புக்குத் தடை விழுந்ததும் அதே காலத்தில்தான். அவர் 2024 நவம்பரில் மறுபடி வென்றதும் அந்த வழக்கு கைவிடப்பட்டது. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்றவர், ஜனவரி 6 வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு அன்றே மன்னிப்பு வழங்கினார். அடிபட்ட போலீஸ்காரர்களின் சாட்சியத்தைக் கேட்டு ஜூரிகள் அளித்த தீர்ப்புகள் ஒரே கையெழுத்தில் பயனற்றுப் போயின. இதை அநீதி என்று சொல்ல நான் தயங்கவில்லை.

இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. தேனியில் தோற்ற இளங்கோவன் கூட்டத்தைத் திரட்டி யாரையும் தாக்கச் சொல்லவில்லை. மூன்றாம் இடம் வந்த தங்க தமிழ்ச்செல்வன் அடுத்த மாதமே திமுகவில் சேர்ந்தார். 2024-ல் அதே தொகுதியில் நின்று, டி.டி.வி. தினகரனை 2,78,825 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தகராறை மக்கள் ஐந்து ஆண்டு கழித்து வாக்காலேயே முடித்துவைத்தார்கள். பெருமைதான். ஆனால் மக்கள் பொறுமையாக இருக்கிறார்கள் என்பதற்காக நீதிமன்றமும் நாடாளுமன்றமும் அந்தப் பொறுமையைச் செலவழித்துக்கொண்டே இருக்கக் கூடாது. தேர்தல் வழக்குகளுக்கென்று உயர் நீதிமன்றத்தில் தனி அமர்வு வேண்டும். ஆறு மாதம் என்பது கட்டாயமாக வேண்டும். மேல்முறையீட்டுக்கும் ஒரு கெடு வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் போதும், அரசியல் சாசனத்தைத் தொட வேண்டியதில்லை.

அதுவரை நம் கையில் இருப்பது படிவம் 26. அடுத்த தேர்தலில் வேட்புமனுத் தாக்கல் தொடங்கியதும் உங்கள் தொகுதி வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்கள் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வந்துவிடும். எடுத்துப் படியுங்கள். உங்களுக்குத் தெரிந்த நிலமோ கடையோ பங்கோ அதில் இல்லையென்றால், மனுப் பரிசீலனை முடிவதற்குள் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)