ரதத்துக்கு முன்னே பிறக்கும் இசை

எழுதி வைத்ததை ஒப்பிக்காமல், கேட்பவர் எதிரிலேயே அந்த நேரத்துக்கு உருவாக்கி வாசிக்கும் இசையைத் தேடி மலாக்காவின் ஆயர் குரோ வட்டாரத் தமிழர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாசி மகத் திருவிழாவில் மலாக்கா நகரின் பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து முருகனின் ரதம் செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்குப் புறப்படுகிறது. 1781இல் மலாக்கா செட்டிகள் எழுப்பிய அந்த விநாயகர் ஆலயம் மலேசியாவின் மிகப் பழைய இந்து ஆலயங்களில் ஒன்று. ரத ஊர்வலம் என்றால் நாதஸ்வரமும் தவிலும் உண்டு. காவடி என்றால் உறுமி மேளம் உண்டு. எந்த முனையில் ரதம் நிற்கும், எத்தனை அர்ச்சனைத் தட்டுகள் காத்திருக்கும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே எதை எவ்வளவு நேரம் வாசிப்பது என்பதை வித்வான்கள் தெருவில் நின்றபடியே முடிவு செய்கிறார்கள்.

சுவாமி புறப்படும்போது வாசிப்பது மல்லாரி. பெரும்பாலும் கம்பீரநாட்டையில் அமைந்த அதற்குப் பாட்டு வரிகள் கிடையாது. ஒரே அமைப்பு வெவ்வேறு காலங்களில் வேகம் மாறி வரும். அது கட்டுக்கோப்பான பகுதி. கற்பனைக்கு முழு இடம் பிறகு வரும் ராக ஆலாபனையில்தான். நாதஸ்வரம் முதலில் சில சுரங்களை மட்டும் தொட்டு, அங்கேயே நின்று சுற்றி, மெல்ல மேல் ஸ்தாயிக்கு ஏறும். இடைவெளிகளில் தவில் புகுந்து உருட்டும். ராகத்தின் பெயர் தெரியாதவரும் இதைத் தொடரலாம். வித்வான் எந்தச் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார், எப்போது அதைத் தாண்டுகிறார் என்று கவனித்தால் போதும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடியை மணிக்கணக்கில் வாசித்ததாகக் கேட்டவர்கள் சொல்லிச் சென்றிருக்கிறார்கள். அவர் காலத்து 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் கொள்வதோ ஏறக்குறைய மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமே இன்றும் மெய்சிலிர்க்க வைக்கிறது. திருவீதியில் விடிய விடிய நடந்ததை எந்தத் தட்டும் பிடித்துவைக்கவில்லை.

தவிலில் கற்பனை கணக்கோடு கைகோத்து வருகிறது. வலக்கை விரல்களில் கூடு மாட்டி, இடக்கையில் கழி பிடித்து வாசிக்கும் தவில்காரர் ஆதி தாளத்தில் தனி வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல், பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை என்று எட்டு எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை வீதம் ஒரு சுற்றுக்கு 32. 'ததிகிணதோம்' என்ற ஐந்து மாத்திரைச் சொல்லை மும்முறை வாசித்து, அடுத்த சுற்றின் முதல் தட்டில் சரியாக இறங்க 15 மாத்திரை வேண்டும். அப்படியானால் 17 மாத்திரை கழிந்த பிறகே அதை எடுக்க முடியும். அதாவது ஐந்தாம் எண்ணிக்கையாக விழும் தட்டுக்கு ஒரு மாத்திரை தள்ளி. அந்த 17ஐ எதைக் கொண்டு நிரப்புவது என்பது அவரவர் சாமர்த்தியம். கையில் தாளம் போட்டுக் கேட்பவருக்கு, சொல் தாளத்தை விட்டு விலகி ஓடுவது போலத் தோன்றும். கடைசியில் இரண்டும் ஒரே தட்டில் சேரும். யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தியின் (1933–1975) தவிலைத் தமிழகத்து வித்வான்களும் வியந்து கேட்டது இந்தக் கணக்கும் நாதமும் அவர் கையில் ஒன்றாக நின்றதால்தான்.

மேலை நாடுகளில் இதே மனப்போக்கில் வளர்ந்தவை ஜாம் பேண்ட் குழுக்கள். 1965இல் கலிபோர்னியாவில் தோன்றிய கிரேட்ஃபுல் டெட், கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995இல் மறையும்வரை ஏறக்குறைய 2,300 கச்சேரிகள் செய்தது. பாட்டின் தொடக்கமும் முடிவும் தெரிந்தவை; நடுப்பகுதி ஒவ்வோர் இரவும் புதிது. ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்துகொள்ள 1984இல் அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். 1983இல் தொடங்கிய பிஷ் குழு, 2017இல் நியூயார்க்கில் 13 இரவுகள் வாசித்தும் ஒரு பாட்டைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. நம் தவில்காரருடையது போன்ற கறாரான கணக்கு இவர்களிடம் குறைவு. ஒருவரை ஒருவர் கேட்டே வழி கண்டுபிடிக்கிறார்கள். அரைமணி நேர வாசிப்பில் பாதி நேரம் தடவித் தேடுவதிலேயே போவதும் உண்டு. அந்தத் தேடலையும் சேர்த்துக் கேட்கிறவருக்குத்தான் வழி கிடைக்கும் கணத்தின் பரவசம் புரியும்.

நம் மரபும் மேலை மரபும் நேருக்கு நேர் சந்தித்த இடம் 'சக்தி' குழு. ஜான் மெக்லாஃப்ளினின் கிட்டார், எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபேலா, விக்கு விநாயக்ராமின் கடம் ஆகியவை சேர்ந்த அதன் முதல் இசைத்தொகுப்பு 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரிக் கச்சேரியிலேயே பதிவானது. கமகம் பிடிப்பதற்காகத் தன் கிட்டாரின் விரற்பலகையைக் கட்டைகளுக்கு நடுவே குடைந்து அமைக்கச் செய்தார் மெக்லாஃப்ளின். பிறகு, கிரேட்ஃபுல் டெட்டின் தாளக் கலைஞர் மிக்கி ஹார்ட்டுடன் ஜாகிரும் விநாயக்ராமும் சேர்ந்த 'பிளானட் டிரம்' தொகுப்பு 1991இல் வெளிவந்து கிராமி விருது பெற்றது.

உறுமி மேளம் இந்த வரிசையில் வைத்துப் பேசப்படுவதில்லை, பேசப்பட வேண்டும். தோட்டத்துக் கோவில்களில் வேரூன்றி, மலேசிய இளைஞர்கள் கையில் வளர்ந்த மேளம் இது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த உறுமல் காவடி எடுப்பவரின் நடையைப் பார்த்தே ஏறி இறங்குகிறது. அருள் வந்து ஆட்டம் முற்றினால் அடி நெருங்கும். ஆடுபவர் களைத்துக் கால் பின்னினால் அடி தளரும். சினிமா மெட்டுகளைக் கலப்பதில் ஆலயங்களுக்கும் குழுக்களுக்கும் மனத்தாங்கல் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஒரு மனிதரின் உடலைப் பார்த்து அந்தக் கணமே தாளத்தை மாற்றும் திறமை சாதாரணமானதல்ல. பூசை நேரத்துக்குச் சில கோவில்கள் வைத்திருக்கும் மின்சார மேள இயந்திரத்தால் முடியாத காரியம் அது.

ஊர்வலத்தில் இசை கேட்க வருபவர் ரதம் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரத்தைப் பிடிக்க வேண்டும். நடந்துகொண்டே வாசிக்கும்போது ஆலாபனை பெரும்பாலும் நீளாது. அர்ச்சனைக்காக ரதம் நிற்கும் முனைகளில்தான் நாதஸ்வரக்காரர் ராகத்தை விரிப்பார். நாதஸ்வரமும் தவிலும் திறந்த வெளிக்கென்றே உரத்த ஒலி படைத்தவை. பத்தடி தள்ளி, வித்வான்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது தெரியும் பக்கமாக நிற்பது நல்லது.