கழற்றாமலே திருத்தலாம்: காரின் ஆக்சிஜன் சென்சார் கற்றுத்தரும் அளவீட்டுப் பாடம்

ஒன்பதாம் வகுப்பில் வெர்னியர் அளவியின் சுழிப்பிழையை நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரு கேள்வி வரும்: "கருவியே தப்புன்னா, அது தப்புன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" இதற்கு நல்லதொரு விடை என் பழைய காரிலிருந்தே கிடைத்தது.

மயிலாப்பூர் அருகே புகைப் பரிசோதனைக்குச் சென்றிருந்தேன். எஞ்சினைச் சுமார் 2500 சுழற்சியில் ஓடவிட்டு அளந்தார்கள். லாம்டா மதிப்பு 0.97 முதல் 1.03-க்குள் இருக்க வேண்டும், 1.06 காட்டியது. சான்றிதழ் கிடைக்கவில்லை. தி.நகரில் ஒரு பணிமனையில், "சென்சார் போச்சு சார், மாத்தணும்" என்று பல ஆயிரம் ரூபாய் சொன்னார்கள். மெக்கானிக்காக இருக்கும் என் முன்னாள் மாணவரிடம் கேட்டேன். "கழட்டாமலே பார்த்துடலாம் சார்" என்றார்.

லாம்டா என்றால் என்ன?

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தச் சரியான விகிதமே லாம்டா 1. காற்று கூடினால் 1-க்கு மேல்; குறைந்தால் 1-க்குக் கீழ். புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றி 1-ஐ ஒட்டியே நன்றாக வேலை செய்யும். அதனால் எஞ்சினை ஒட்டிய புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் பொருத்தப்படுகிறது.

சென்சாரின் உள்ளே சிர்கோனியம் டை ஆக்சைடு பீங்கான் உள்ளது. மிகுந்த வெப்பத்தில் அது ஆக்சிஜன் அயனிகளைக் கடத்தும். இருபுறமும் ஆக்சிஜன் அளவு வேறுபட்டால் மின்னழுத்தம் உண்டாகும். பன்னிரண்டாம் வகுப்பு மின்வேதியியலில் வரும் நெர்ன்ஸ்ட் சமன்பாடுதான் இது. அகன்ற வீச்சுடைய 'வைட்பேண்ட்' சென்சாரில் கூடுதலாக ஒரு பம்ப் மின்கலமும் உண்டு. அது ஆக்சிஜனை வெளியேற்றியோ உள்ளே இழுத்தோ சமநிலையைக் காக்கும். அதற்குத் தேவைப்படும் மின்னோட்டமே அளவு. லாம்டா 1-இல் மின்னோட்டம் சுழி. வெறும் காற்றில் அது உச்சத்தில் இருக்கும்.

இரண்டு நிலைப்புள்ளிகள்

வெப்பநிலைமானிக்கு உருகும் பனிக்கட்டியும் கொதிக்கும் நீரும் போல, இந்தச் சென்சாருக்கு லாம்டா 1 ஒரு புள்ளி. காற்று மற்றொரு புள்ளி. உலர்ந்த காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் என்பது தொடக்கப்பள்ளி மாணவருக்கும் ஏறக்குறையத் தெரிந்ததே. வெளியே கழற்றிக் காற்றில் பிடித்துத் திருத்துவது பழைய முறை. ஆனால் காற்றையே குழாய்க்குள் வரவழைத்துவிட்டால்?

காலையில் திரு.வி.க. பாலத்தைக் கடந்து அடையாறு பக்கம் இறங்கினோம். வண்டி கியரிலேயே இருக்க, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அப்போது எஞ்சின் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். சக்கரங்களே எஞ்சினைச் சுற்றும். உள்ளே இழுத்த காற்று எரியாமல் அப்படியே வெளியே வரும். நியூட்ரலில் இது நடக்காது; எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் தொடர்ந்து செல்லும். பழைய புகை வெளியேறச் சில நொடிகள் ஆகும். அதன்பிறகு வரும் அளவையே கொள்ள வேண்டும்.

20.9 இருக்க வேண்டிய இடத்தில் சென்சார் 20.0 காட்டினால், திருத்தக் காரணி 20.9 ÷ 20.0 = 1.045. பல கார்களின் கணினி, இப்படிப் பலமுறை அளந்து சராசரி கண்டு தானே திருத்திக்கொள்ளும். ஒரே அளவை நம்பி மாற்றாது.

இங்கே சென்னைக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் காற்றில் சுமார் 3.5 சதவீதம் நீராவி. அந்த அளவுக்கு மற்ற வாயுக்களின் பங்கு குறைவதால், ஆக்சிஜன் சுமார் 20.2 சதவீதமே இருக்கும். கடற்கரை ஊரில் இதைக் கணக்கில் கொள்ளாமல் திருத்தினால், திருத்தமே பிழையாகிவிடும்.

குற்றவாளி யார்?

ஸ்கேனரில் எங்கள் சென்சார் காற்றுக்குரிய மதிப்புக்கு மிக அருகில் வந்து நின்றது. எஞ்சின் சீராக ஓடும்போது 1.00 காட்டியது. "1.00 மட்டும் போதாதா?" என்றேன். "போதாது சார். சென்சார் சொல்றதை நம்பித்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைச்சு 1.00 ஆக்குது. சென்சார் பொய் சொன்னாலும் 1.00 தான் காட்டும். காத்துதான் வெளிச்சாட்சி" என்றார். தவறான விடைக்குறிப்பை வைத்துத் தன் விடையைத் தானே திருத்தும் மாணவனின் நிலைதான் அது.

சென்சார் சரி என்றால், வால்முனையில் 1.06 எப்படி? சென்சாரைத் தாண்டிய பிறகு எங்கோ காற்று சேர்கிறது. தேடியதில் சைலன்சர் இணைப்பில் கேஸ்கெட் கிழிந்திருந்தது. சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. மறுபரிசோதனையில் சான்றிதழும் கிடைத்தது.

வகுப்பறையில்

கார் இல்லாமலே இதைச் செய்து காட்டலாம். மின்னணுத் தராசில் காலிக் குவளையை வைத்துச் சுழியாக்குங்கள். அளவுச் சாடியால் 100 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். ஏறக்குறைய 100 கிராம் காட்ட வேண்டும். 96 காட்டினால் திருத்தக் காரணியை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். பிறகு, "தப்பு தராசிலா, சாடியிலா, ஊற்றிய கையிலா?" என்று கேளுங்கள். மூன்று குழுக்கள் தனித்தனியே அளந்து ஒப்பிட்டால் விடை நெருங்கி வரும்.

கருவியைக் குறை சொல்லும் முன், நமக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை அதனிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். அன்று கேட்ட கேள்விக்கு இனி இதுவே என் விடை. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், ஒருகாலத்தில் என் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்.